டயல் அப்படியே இருக்கட்டும்!

இரண்டு குமிழ், நடுவில் ஒரு கண்ணாடி டயல், அதன் கீழே வரிசையாக ஐந்து பொத்தான். பழைய கார் ரேடியோவின் முகம் இவ்வளவுதான். ஆனால் வண்டியின் காலத்தைச் சட்டென்று காட்டிக்கொடுக்கும் பொருள்களில் ஸ்டீயரிங்குக்கு அடுத்தபடி அதுதான் வருகிறது. அதைக் கழற்றிவிட்டு நீல வெளிச்சம் மின்னும் தொடுதிரையை வைத்தால் பாட்டு நன்றாகக் கேட்கும்; டேஷ்போர்டு பார்க்கச் சகிக்காது. கை வைக்காமல் விட்டாலோ, இரைச்சலுக்கு நடுவே மத்திய அலையில் ஒரு செய்தி அறிக்கை கேட்கலாம், அதற்கு மேல் எதுவும் கிடைக்காது. இரண்டுக்கும் இடையில் ஒரு வழி உண்டு. கண்ணில் படும் இடத்தில் எதையும் தொடாமல், படாத இடத்தில் தேவையானதை எல்லாம் மாற்றுவது. அதிலும் எந்த மாற்றமும் பிறகு எடுத்துவிடக் கூடியதாக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த வேலை சில வண்டிகளைச் சுற்றியே நடக்கிறது. 1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை உத்தர்பாராவிலிருந்து வந்த அம்பாசடர், பம்பாயில் தயாரான ஃபியட் 1100, அதன் வாரிசான பிரீமியர் பத்மினி, சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, 1980களின் கான்டெஸா. இப்போது 1983-ல் வந்த மாருதி 800-ஐயும் பழைய முகத்தோடு பாதுகாக்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

சட்டமும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் செய்த திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் வகையில் பதிவு செய்ய இடம் கொடுத்தது. சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ரேடியோ அந்த வரிசையில் வரவில்லை. ஆனால் ஸ்பீக்கருக்காகக் கதவுத் தகட்டில் வட்டம் வெட்டுவதும், புது செட் நுழைவதற்காக டேஷ்போர்டு இரும்பை அறுப்பதும் பாடியில் கை வைக்கிற வேலைதான். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனம் இதற்கு நல்ல அளவுகோல் தருகிறது. மாற்றம் கண்ணை உறுத்தக் கூடாது, திரும்ப எடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும், கழற்றிய அசல் பாகங்களைப் பத்திரப்படுத்த வேண்டும் என்கிறது அது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று முடிவெடுக்கும் முன் அந்த ரேடியோ எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்று தெரிய வேண்டும். அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்கத் தொடங்கியது 1930-ல். ஐரோப்பாவில் ப்ளாபுங்க்ட் நிறுவனத்தின் ஏஎஸ்5 வந்தது 1932-ல். அதன் எடை சுமார் 15 கிலோ. ஓட்டுநருக்கு எட்டும் இடத்தில் அதை வைக்கவே முடியவில்லை என்பதால், ஸ்டீயரிங் தண்டில் பொருத்திய ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டியால் இயக்கினார்கள். அவையெல்லாம் வால்வு ரேடியோக்கள். வால்வுக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் பேட்டரியில் கிடைக்காது. அதற்காக வைப்ரேட்டர் என்றொரு பாகம் நொடிக்கு நூறு முறைக்கும் மேல் தொடர்பை வெட்டி வெட்டிச் சேர்த்து, டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மின்னழுத்தத்தை உயர்த்தியது. வால்வு ரேடியோவைப் போட்டதும் உள்ளிருந்து எழும் ரீங்காரம் அதன் சத்தம்தான்.

முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன கார் ரேடியோவைக் கிரைஸ்லர் நிறுவனம் ஃபில்கோவுடன் சேர்ந்து 1955-ல் அறிவித்தது. அடுத்த பத்தாண்டில் வால்வுகள் மறைந்தன. 1963-ல் ஃபிலிப்ஸ் கேசட்டை அறிமுகப்படுத்தியது. 1970களிலும் 80களிலும் காருக்குள் கேசட்டே ராஜாவாக இருந்தது. இங்கே பர்மா பஜாரில் வாங்கி வந்த ஜப்பான் 'கார் டெக்' ஒரு குடும்பத்தின் வசதியைக் காட்டும் அடையாளமாகவே இருந்தது. 1980களில் ஜெர்மானியத் தர அளவு உலகம் முழுவதும் பரவியது: சுமார் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். கடைக்காரர்கள் 'சிங்கிள் டின்' என்று சொல்வது இதைத்தான்.

இந்த வரலாற்றில் நடைமுறைக்கு உதவும் கோடு ஒன்று இருக்கிறது. சிங்கிள் டின்னுக்கு முந்திய வண்டியில் இரண்டு குமிழ்த் தண்டுகளுக்கான துளைகளும் நடுவே டயலுக்கான சிறு செவ்வகமும்தான் இருக்கும். அங்கே இன்றைய செட் எதுவும் வெட்டாமல் நுழையாது. அதற்குப் பிந்திய வண்டியில், அதாவது கான்டெஸாவிலும் மாருதியிலும், வேலை பாதி சுலபம். ரேடியோவே இல்லாமல் கம்பெனியிலிருந்து வந்து, பிறகு டேஷ்போர்டுக்கு அடியில் தகரப் பெட்டி வைத்து செட்டைத் தொங்கவிட்ட வண்டிகளும் இங்கே ஏராளம். அந்தத் தகரப் பெட்டியை அசிங்கம் என்று தூக்கி எறிகிறார்கள். எறியக் கூடாது. புது செட்டை டேஷ்போர்டைத் தொடாமல் வைக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது; அந்தக் காலத்து வண்டிக்கு அது பொருத்தமான தோற்றமும்கூட.

பழைய ஒலி ஏன் மங்கல்?

பழைய ரேடியோ கெட்டுப்போனதால்தான் மந்தமாகக் கேட்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. இந்தியாவில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்திருக்கின்றன. பக்கத்து நிலையத்தின் இரைச்சல் நுழையாமலிருக்க, ரேடியோ தன் வாசலைக் குறுக்கிக்கொள்கிறது. விளைவு, நான்கரை கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் ஒலி ஏறக்குறைய காணாமல் போகிறது. மனிதக் குரலுக்கு அது போதும். ஜால்ராவுக்கும் வயலினின் மேல் ஸ்தாயிக்கும் போதாது. எஃப்.எம். ஒலிபரப்பு 15 கிலோஹெர்ட்ஸ் வரை தருகிறது. இந்தியாவின் முதல் எஃப்.எம். சேவை சென்னை வானொலியில் 1977 ஜூலை 23 அன்று தொடங்கியது என்றாலும், தனியார் நிலையங்கள் 2001-க்குப் பிறகு வந்தபோதுதான் கார்களில் அது பரவலானது. ஆகவே 1960களின் வண்டியில் இருக்கும் மத்திய அலை ரேடியோவும் ஒற்றைக் காகிதக் கூம்பு ஸ்பீக்கரும் அவற்றுக்கு இட்ட வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தன.

அதனால் நன்றாக இயங்கும் பழைய ரேடியோவின் குடலை உருவிப் புதுச் சர்க்யூட் போர்டைத் திணிப்பது வருந்தத்தக்க காரியம். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸைப் பிடிக்கும் அந்த அசல் ரேடியோவுக்கு மாற்று இனிமேல் தயாராகப் போவதில்லை. உயிர் போன ரேடியோ வேறு விஷயம்.

முதலில் கரண்ட்

ஸ்டீரியோ வேலையை ஸ்பீக்கரிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். பழைய வண்டியில் பேட்டரியிலிருந்து தொடங்க வேண்டும். முதல் கேள்வி: எர்த் எந்தப் பக்கம்? இன்றைய எல்லா வண்டிகளிலும் பேட்டரியின் நெகட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகளில், 1960களின் நடுப்பகுதி வரையிலும், பாசிட்டிவ் எர்த் சாதாரணம். அப்படிப்பட்ட வண்டியில் புது செட்டின் உலோக உடலை டேஷ்போர்டில் திருகியதுமே ஷார்ட் ஆகும். ஃபியூஸ் தப்பித்தால் செட் போகும். வண்டியின் வயதை வைத்து ஊகிக்கவே கூடாது. இடையில் யாராவது மாற்றியிருக்கலாம். பேட்டரியின் எந்த முனையிலிருந்து பட்டை ஒயர் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்து, மீட்டர் வைத்தும் உறுதி செய்வதே முறை.

பாசிட்டிவ் எர்த்தை நெகட்டிவாக மாற்றுவது கடினமில்லை. பேட்டரி ஒயர்களை மாற்றிப் போட வேண்டும், டைனமோவின் ஃபீல்டு முனையை ஒரு கணம் பேட்டரியின் உயிர்முனையோடு தொட்டு அதன் துருவத்தைப் புதுப்பிக்க வேண்டும், இக்னிஷன் காயிலின் இரு ஒயர்களையும் அம்மீட்டரின் ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். ஆனால் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ அதே வண்டியில் இருந்தால், மாற்றும் முன் அதன் இணைப்பைக் கழற்றியே ஆக வேண்டும். சில ரேடியோக்களில் துருவத்தை மாற்றிக்கொள்ளப் பின்பக்கம் ஒரு சிறு பிளக் இருக்கும். இல்லாதவை தவறான துருவத்தில் ஒரு நொடியில் எரியும். மாற்ற மனமில்லாதவர்கள், உள்ளீட்டையும் வெளியீட்டையும் மின்சார ரீதியாகத் தனிமைப்படுத்தும் கன்வெர்ட்டரை வாங்கி அதன் வழியாகப் புது செட்டுக்குக் கரண்ட் கொடுக்கலாம். அப்போது செட்டின் உலோக உடல் வண்டியின் எந்த உலோகத்தையும் தொடக் கூடாது. ஏரியல் கம்பியின் உறை வழியாகவும் தொடக் கூடாது. இந்தக் கடைசி வழியை மறப்பவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது கேள்வி: வண்டி எவ்வளவு கரண்ட் தரும்? அந்தக் காலத்து லூக்காஸ் சி40 டைனமோவின் முழு வெளியீடு 22 ஆம்பியர், ஏறத்தாழ 300 வாட். சென்னையின் பாடி பகுதியில் 1960களில் தொடங்கிய லூக்காஸ் டிவிஎஸ் தொழிற்சாலை, இந்த வகை மின் பாகங்களை நம் வண்டிகளுக்குத் தந்த இடங்களில் முக்கியமானது. இரவில் இரண்டு ஹெட்லைட்டுக்கு சுமார் 90 வாட், இக்னிஷன் காயில், பின் விளக்குகள், வைப்பர் எல்லாம் சேர்த்தால் மிச்சம் நூறு வாட்டுக்கு மேல் தேறாது. அதுவும் வண்டி ஓடும்போதுதான். சிக்னலில் ஐடிலிங்கில் நிற்கும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது; பேட்டரியே முழுச் சுமையையும் தாங்கும்.

நல்ல செய்தி என்னவென்றால், இசை தொடர்ந்து முழு சக்தியைக் கேட்பதில்லை. பெட்டியில் '50 வாட் × 4' என்று அச்சிட்டிருக்கும் சாதாரண செட் உண்மையில் சேனலுக்குப் பதினைந்து, இருபது வாட்தான் சுத்தமாகத் தரும். வழக்கமான சத்தத்தில் அது இழுப்பது சில ஆம்பியரே. தனி ஆம்ப் வேண்டுமென்றால் 'கிளாஸ் டி' வகையையே பார்க்க வேண்டும். பழைய வகை ஆம்ப் வாங்கும் மின்சாரத்தில் பாதியைச் சூடாக்கியே வீணடிக்கும். கிளாஸ் டி எண்பது சதவீதத்துக்கு மேல் ஸ்பீக்கருக்கு அனுப்பும், உள்ளங்கை அளவில் அடங்கும். டைனமோ உடலுக்குள்ளேயே ஆல்டர்னேட்டரை ஒளித்து வைத்த மாற்று வடிவங்களும் வெளிநாட்டில் கிடைக்கின்றன. பானெட்டைத் திறந்தாலும் தோற்றம் கெடாது. ஆனால் ரேடியோவுக்காக மட்டும் அந்தச் செலவு தேவையில்லை.

முகத்தைக் காப்பாற்றும் வழிகள்

எளிய வழி, பழைய ரேடியோவை இருந்த இடத்தில் இருந்தபடியே விட்டுவிட்டு, கிளவ் பாக்ஸிலோ சீட்டுக்கு அடியிலோ புளூடூத் உள்ள சிறு ஆம்பை ஒளித்து வைப்பது. பாட்டு போனிலிருந்து வரும். புது ஸ்பீக்கர்களுக்கும் பழைய ரேடியோவுக்கும் சம்பந்தமே இருக்காது. பழையது தன் பழைய ஸ்பீக்கரோடு தனியாகப் பாடும். ஒரு துளைகூடப் போடாமல் ஒரே நாளில் முடியும், ஒரே நாளில் கழற்றவும் முடியும். பெரும்பாலான வண்டிகளுக்கு இதுதான் சரியான வழி. குறை ஒன்றே ஒன்று: சத்தத்தைக் கூட்டக் குறைக்க போனைத் தொட வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சிறு குமிழை வைத்தால் அதுவும் தீர்ந்துவிடும். பல ஆம்ப்களுடன் அப்படியொரு குமிழ் ஒயரோடு வருகிறது.

இரண்டாவது வழி, பழைய ரேடியோ வழியாகவே போனின் பாட்டைக் கேட்பது. இதற்கு ரேடியோவைத் திறக்க வேண்டும். கார் ரேடியோவின் உட்புறம் வீட்டு ரேடியோவைப் போல இருக்காது. வீட்டு செட்டில் டியூனிங்குக்குத் தகடு தகடாகச் சுழலும் கேங் கண்டன்சர் இருக்கும். வண்டியின் அதிர்வில் அந்தத் தகடுகள் நடுங்கும் என்பதால், கார் ரேடியோவில் கம்பிச் சுருள்களுக்குள் இரும்புத்தூள் தண்டுகள் முன்னும் பின்னும் நகரும். பொத்தானை அழுத்தினால் ஒரு நெம்புகோல் அந்தத் தண்டுகளைப் பிடித்து, முன்பே குறித்த இடத்துக்கு இழுக்கும். முள்ளும் கூடவே ஓடும். அந்தப் பொறியில் கை வைக்காமல் வால்யூம் குமிழின் பின்பக்கம் போக வேண்டும். ரேடியோ பிடித்த ஒலி வால்யூம் குமிழுக்குள் நுழையும் முனையில் ஒரு சிறு சுவிட்சை வைத்து, ஒரு பக்கம் ரேடியோ, மறுபக்கம் போன் என்று பிரிக்கலாம். போனின் இடது, வலது இரண்டையும் நேரே முறுக்கிச் சேர்க்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் வைத்துச் சேர்க்க வேண்டும். நேர்மின்னோட்டம் போனுக்குள் போகாமல் தடுக்க ஒரு கண்டன்சரும் வேண்டும். ரேடியோவைத் திறந்த கையோடு, காய்ந்துபோன எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களையும் மாற்றிவிடலாம். பாதி 'கெட்டுப்போன' ரேடியோக்கள் அதிலேயே பேசத் தொடங்கிவிடும். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் இவை எல்லாம் கிடைக்கும். ரேடியோ தெரிந்த பழைய மெக்கானிக் கிடைப்பதுதான் அரிது.

பாசிட்டிவ் எர்த் வண்டியில் இந்த வழிக்கு ஓர் ஆபத்து உண்டு. போன் ஒரு பக்கம் சார்ஜரில், மறுபக்கம் ரேடியோவில் இருந்தால், இரண்டின் எர்த்தும் எதிரெதிர் முனைகள். மெல்லிய ஆடியோ ஒயர் வழியாக முழு பேட்டரியும் ஷார்ட் ஆகிவிடும். நடுவில் ஆடியோ தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பது, அல்லது தன் சொந்த பேட்டரியில் ஓடும் புளூடூத் ரிசீவரை வைப்பது பாதுகாப்பு.

உயிர் போன ரேடியோவுக்கு மூன்றாவது வழி. பழைய பெட்டி, டயல், குமிழ், பொத்தான் எல்லாம் அப்படியே இருக்க, உள்ளே மட்டும் எஃப்.எம்., புளூடூத், நான்கு சேனல் ஆம்ப் கொண்ட போர்டு. கைதேர்ந்தவர்கள் டியூனிங் குமிழையும் சும்மா விடுவதில்லை. அந்த இரும்புத்தூள் தண்டு எவ்வளவு நகர்ந்தது என்பதை ஒரு மைக்ரோகன்ட்ரோலர் அளந்து, அதற்கேற்ப எஃப்.எம். நிலையத்தை மாற்றும். குமிழைத் திருகினால் முள் டயலில் நகரும், நிலையமும் மாறும். பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இந்த வேலையில் சிறப்புத் தேர்ச்சி உள்ள பட்டறைகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இயங்குகின்றன. வெறும் புளூடூத் போர்டும் வால்யூமும் போதும் என்றால் உள்ளூர் மெக்கானிக்கே முடித்துவிடலாம்.

நான்காவது, பழைய சாயலில் புதிதாகத் தயாராகும் ரேடியோ. இரண்டு குமிழ்களின் இடைவெளியை மாற்றிக்கொள்ளும்படி அமெரிக்க நிறுவனமான ரெட்ரோசவுண்ட் இவற்றைச் செய்கிறது. போர்ஷே தன் பழைய 911 வண்டிகளுக்காகவே 2020-ல் ஒரு செட்டை வெளியிட்டது. சிங்கிள் டின் அளவு, இரண்டு குமிழ், அந்தக் காலத்து எழுத்து. நடுவில் சிறு தொடுதிரை, அதில் ஆப்பிள் கார்பிளே. தயாரிப்பாளரே முன்வந்து செய்தால் எவ்வளவு அழகாக முடியும் என்பதற்கு அது சாட்சி. நம் வண்டிகளுக்கு அப்படி யாரும் செய்துதரவில்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் செட்டில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கலாம். அமெரிக்க ரேடியோ மத்திய அலையில் 10 கிலோஹெர்ட்ஸ் படிகளில் தாவும். சென்னையின் 720 அதில் அகப்படும், 783 போன்ற எண் அகப்படாது. எஃப்.எம்.மில் 101.3, 101.5 என்று ஒற்றைப்படைத் தசமத்தில் மட்டுமே நிற்கும், 101.4-ல் இருக்கும் சென்னை ரெயின்போ நிலையத்தைத் தாண்டிப் போய்விடும். மெனுவில் நாட்டை மாற்றும் வசதி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். ஜப்பானில் பயன்பட்ட பழைய செட்டுகள் இன்னும் மோசம். அங்கே எஃப்.எம். 76-ல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸில் முடிந்த காலம் அது. நம் தனியார் நிலையங்கள் அதற்கு மேலே இருக்கின்றன.

1980களின் கேசட் செட் உள்ள மாருதிக்கும் கான்டெஸாவுக்கும் இத்தனை பாடு வேண்டாம். கேசட் வடிவ புளூடூத் அடாப்டரை உள்ளே தள்ளினால் பாட்டு வரும். ஒலித்தரம் சுமார்தான். செட்டின் ஹெட் அழுக்காக இருந்தால் இன்னும் சுமார். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைத்து, கெட்டியான ரப்பர் பெல்டை மாற்றினாலே பாதி குறை தீரும். சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் கடைசிப் புகலிடம். நெரிசலான நகர அலைவரிசையில் அதற்கு இடம் கிடைப்பதே கஷ்டம்.

ஸ்பீக்கர்: காசு போக வேண்டிய இடம்

ஒலி மாறுவது ரேடியோவால் அல்ல, ஸ்பீக்கரால். செலவழிக்கும் தொகையில் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும். வாங்கும்போது வாட்டை அல்ல, சென்சிட்டிவிட்டியைப் பார்க்க வேண்டும். ஒரே சத்தத்தைத் தர 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு வேண்டிய சக்தியில் கால் பங்கே 93 டெசிபல் ஸ்பீக்கருக்குப் போதும். மூன்று டெசிபலுக்கு ஒருமுறை தேவை பாதியாகும் கணக்கு இது. டைனமோ வண்டிக்கு இதைவிட மலிவான ஆம்ப் கிடையாது.

பழைய ரேடியோவையே தொடர்ந்து பயன்படுத்தினால் ஓம் கணக்கு முக்கியம். அந்தக் காலத்து ரேடியோக்கள் பல எட்டு அல்லது பத்து ஓம் ஸ்பீக்கருக்காகச் செய்தவை. இன்றைய கடையில் கிடைக்கும் நான்கு ஓம் ஸ்பீக்கரை அதில் மாட்டினால், ஒற்றைப் பவர் டிரான்சிஸ்டர் சூடேறிச் சாகும். அதில் இருப்பது ஜெர்மானியம் வகையாக இருந்தால் அதே பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு ரேடியோவைப் போட்டுப் பார்ப்பதும் அதே ஆபத்தில் முடியலாம்.

எங்கே வைப்பது? டேஷ்போர்டின் நடுவில் ஒரே ஒரு ஸ்பீக்கருக்கு இடம் உள்ள வண்டியில், இரண்டு வாய்ஸ் காயில் கொண்ட ஒற்றை ஸ்பீக்கரை வைக்கலாம். இடது சேனல் ஒரு காயிலுக்கும் வலது சேனல் மற்றதற்கும் போகும். கிரில்லுக்கு மேலே எதுவும் மாறாது. பிரிந்த ஸ்டீரியோ கிடைக்காது, ஆனால் எந்தச் சேனலும் தொலையாது. கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில், அசல் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அதே அளவில் ஸ்பீக்கரோடு கூடிய புது அட்டையைப் பொருத்தலாம்; அதே நிற ரெக்சின் போர்த்தினால் தெரியாது. அம்பாசடரின் பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகை பெரிய ஸ்பீக்கருக்கு ஏற்ற இடம். பழைய பலகையை வெட்டாமல் அச்சு எடுத்துப் புதிதாக ஒன்று செய்து போட வேண்டும். அங்கே வெயில் நேராக அடிப்பதால் காகிதக் கூம்பு சில கோடையிலேயே நொறுங்கும்; பாலிபுரோப்பிலீன் கூம்பு தாங்கும். எம்.டி.எஃப். பலகை மழைக்கால ஈரத்தில் ஊதிவிடும். மரைன் பிளை நல்லது.

ஸ்பீக்கரைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அடைப்பது, ஸ்பீக்கரின் விலையைவிட முக்கியம். கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. முன் காற்றும் பின் காற்றும் கலந்தால் ஒன்றை ஒன்று விழுங்கி பேஸ் காணாமல் போகும். தொங்கலாக வைத்த விலை உயர்ந்த ஸ்பீக்கர், இறுக்கமாகப் பொருத்திய சாதாரண ஸ்பீக்கரிடம் தோற்றுப்போகும்.

கதவுத் தகட்டின் உட்புறம் ஒட்டும் பியூட்டைல் டேம்பிங் ஷீட்டுக்கும் இங்கே இடம் உண்டு. முழுதும் மூட வேண்டியதில்லை. தகட்டின் நடுப்பகுதியில் கால்வாசிப் பரப்பு போதும், டப்பா ஓசை அடங்கும். தாரில் செய்த மலிவு ஷீட்டைத் தொடவே கூடாது. சித்திரை வெயிலில் அது இளகி வழியும். கதவின் அடியில் இருக்கும் நீர் வடியும் துளைகளை ஷீட் மூடிவிட்டால், மழைநீர் தேங்கி இரண்டு பருவத்தில் கதவின் கீழ்விளிம்பு துருப்பிடிக்கும். டிங்கரிங் செலவு ஸ்டீரியோ செலவைத் தாண்டும்.

ஏரியலும் இரைச்சலும்

முன் ஃபெண்டரில் நீட்டி மடக்கும் கம்பி ஏரியலை அப்படியே வைத்திருக்கலாம். எஃப்.எம்.முக்கு சுமார் 75 சென்டிமீட்டர் நீளம் சரியான அளவு. முழுதாக இழுக்காமல் அந்த அளவில் நிறுத்தினால் போதும். ஏரியலின் அடிப்பகுதி ஃபெண்டர் இரும்பைத் தொடும் இடத்தில் பெயின்ட்டும் துருவும் இருந்தால் எர்த் கிடைக்காது, இரைச்சல்தான் வரும். அசல் மத்திய அலை ரேடியோவாக இருந்தால், ஏரியல் செருகும் இடத்தின் அருகே ஒரு சிறு திருகு இருக்கும். டயலின் மேல் கோடியில், 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம், ஒரு பலவீனமான நிலையத்தை வைத்துக்கொண்டு அந்தத் திருகை மெல்லத் திருப்பி, சத்தம் உச்சத்தில் வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஏரியலை மாற்றிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும்.

இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் 'டிக் டிக்' ஒலி இக்னிஷனிலிருந்து வருவது. தடை கொண்ட பிளக் ஒயரும், காயிலுக்குக் கரண்ட் வரும் முனையில் ஒரு கண்டன்சரும் அதை அடக்கும். அந்தக் கண்டன்சரைத் தவறிப்போய்க் காயிலின் மறுமுனையில், பாயின்ட் பக்கம் மாட்டினால் ஸ்பார்க் பலவீனமாகி இன்ஜின் தடுமாறும். டைனமோவின் சீழ்க்கைக்கு அதன் பெரிய முனையில் கண்டன்சர். சிறிய முனையான ஃபீல்டில் ஒருபோதும் கூடாது. தனி ஆம்ப் வைத்த வண்டியில் சீழ்க்கை வந்தால் செட்டும் ஆம்பும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகியிருக்கும். இரண்டையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஒயர் வேலை

ஐம்பது ஆண்டுப் பழைய ஒயரின் உறை தொட்டால் உதிரும். அதில் புதுச் சுமையை ஏற்றக் கூடாது. செட்டுக்கும் ஆம்புக்கும் பேட்டரியிலிருந்து தனி ஒயர், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ், சாவியால் இயங்கும் ஒரு ரிலே. பழைய இக்னிஷன் சுவிட்சின் தொடர்பு முனைகள் ரிலேயின் சிறு சுமையை மட்டும் தாங்கினால் போதும். லூக்காஸ் முறை ஒயரிங்கில் பழுப்பு நேரடி பேட்டரி, வெள்ளை சாவிக்குப் பின், பச்சை அதே வழியில் ஃபியூஸைத் தாண்டி வருவது, கறுப்பு எர்த். இடையில் கை பட்ட வண்டியில் நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்ப வேண்டும். புது ஒயர்களைத் துணி உறையிலோ பழைய பாணி டேப்பிலோ சுற்றினால் பானெட்டுக்கு அடியிலும் காலம் மாறாது.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற இடங்களில் வேலைக்குக் கொடுக்கும்போது, 'எங்கும் வெட்டக் கூடாது, துளை போடக் கூடாது, பழைய ஒயரை அறுக்கக் கூடாது' என்று முதலிலேயே சொல்லிவிட்டு, வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நிற்பது நல்லது. புதிய வண்டிகளில் பழகிய கைக்கு ஒயரை அறுத்துச் சேர்ப்பதே வேகமான வழி. பழைய வண்டிக்கு அதே முனையில் செருகும் இணைப்பைத் தேடிச் செய்யும் பொறுமை வேண்டும்.

வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் இன்னொரு கவனம். புது செட் நினைவை வைத்துக்கொள்ள இடைவிடாமல் சிறிது கரண்ட் எடுக்கும். இருபது மில்லி ஆம்பியர் என்றாலே ஒரு மாதத்தில் 14 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். பேட்டரி முனையில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் இதைத் தீர்க்கும். நிலையங்களை மீண்டும் பதிவது மட்டுமே கூடுதல் வேலை.

டயல் விளக்கின் நிறத்தையும் பார்க்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் மஞ்சள் வெளிச்சத்தில் இருக்க, ரேடியோ மட்டும் வெள்ளை எல்.இ.டி.யில் மின்னினால் பட்ட பாடு எல்லாம் இரவில் வீண். பழைய பாணி புதுச் செட்டுகள் பலவற்றில் நிறத்தை மாற்றும் வசதி உண்டு. டயலுக்குள் பழைய வகை பல்பையே போட்டால் அந்தக் கவலையும் இல்லை.

கழற்றிய அசல் ரேடியோ, அதன் குமிழ்கள், தண்டு நட்டுகள், பின்னால் தாங்கும் தகரப் பட்டை, பழைய ஸ்பீக்கர், அட்டைகள் எல்லாவற்றையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரே பெட்டியில் மூடி வைக்க வேண்டும். கழற்றும் முன் எடுத்த படங்களும், எந்த ஒயர் எங்கே போனது என்ற படமும், புது ஃபியூஸின் அளவும் இடமும் எழுதிய தாளும் அதே பெட்டியில் இருக்கட்டும். வண்டி கை மாறும் நாளில் ஆர்.சி. புத்தகத்தோடு அந்தப் பெட்டியும் போக வேண்டும்.